ஒரு ஸ்டேஷன் தூரம்

அந்த வழியை அக்காவுக்குக் காட்டியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நாங்கள் எழுதிய கடிதத்தையும் வாங்கிய கையெழுத்துகளையும் யாராவது மெச்சிப் பேசினால், எனக்கு அந்த முதல் நாள் காலைதான் நினைவுக்கு வரும்.

நான் குடியிருப்பது கிள்ளானில். வேலை கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஓர் அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி அட்டை என்று கணினியில் தட்டிப் பக்கம் அமைத்துக் கொடுப்பேன். நான் பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸில்தான். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்ப எழும்ப வாடகையும் கூடவே ஏறியது. கல்யாணமான இரண்டாம் வருடம் நானும் கணவரும் கிள்ளானுக்குப் போய்விட்டோம். வேலையை மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன்.

என் ரயில் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். வேலைக்கு வருகிறவர் கையிலிருந்து பயணக் காசு போகக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அதனால் கட்டணம் என்ற ஒன்று என் கண்ணில் பட்டதே இல்லை. அட்டையை வைப்பேன், கதவு திறக்கும், போய்க்கொண்டே இருப்பேன்.

அக்காவை நான் முதலில் பார்த்தது, கொமுட்டரை விட்டு நான் இறங்கும் சென்ட்ரல் ஸ்டேஷனில், எல்.ஆர்.டி. என்னும் நகர ரயிலின் நுழைவுக் கதவுக்கு முன்னால். காலை ஆறரை மணி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், துப்புரவு வேலைக்கான நீலச் சட்டை, தோளில் துணிப்பை. அட்டையை வைக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார், மறுபடியும் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டியபடி பக்கத்து வரிசைக்கு மாறினார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"என்னாச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"நேத்துதான் லா இதுல காசு போட்டேன். பஸ்ஸுக்கு ஒரு தடவ இழுக்குது, கொமுட்டருக்கு ஒரு தடவ இழுக்குது, இங்க வந்தா மறுபடியும் கேக்குது."

"எங்க போகணும்?"

"பங்சார். புது வேலை. ஏழு மணிக்கு உள்ள நிக்கணும்னு சுப்பவைசர் சொன்னாரு."

"பங்சாரா? அது அடுத்த ஸ்டேஷன்தானே! நடந்தே போயிடலாம் அக்கா. வாங்க, நான் காட்டறேன்."

எனக்கு அச்சகக் கடையைத் திறக்க நிறைய நேரம் இருந்தது. அடுத்த ரயிலில் உட்கார இடம் கிடைக்காது என்பதற்காக எப்போதும் சீக்கிரமே வந்துவிடுவேன். அவரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, மேம்பாலம் தொடங்கும் இடம் வரைக்கும் கூடவே நடந்தேன். நானும் தினமும் கிள்ளானில் பெண்கள் பெட்டியில் ஏறுகிறவள்தான் என்று பேச்சில் சொன்னேன். அங்கே நின்று கையை நீட்டினேன். "இப்படியே நேரா போங்க. ஒரு ரோட்டைத் தாண்டினா பங்சார் வந்துடும். சின்ன வயசுல நாங்க விளையாடப் போற வழி."

"நல்ல வேளை உங்களைப் பாத்தேன் தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

நான் அந்த வழியில் நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் சொன்ன அந்த ஒரு ரோடு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது அப்போது மனதில் தோன்றவே இல்லை. ஒருவருக்கு உதவி செய்த திருப்தியோடு கடைக்குப் போய் முதலாளியிடமும் சொன்னேன். "நல்லது செய்தீங்க பிள்ளை," என்றார் அவர்.

மறுநாள் கிள்ளான் ஸ்டேஷனில், பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் அக்கா எனக்காகக் காத்திருந்தார். அதன் பிறகு தினமும் ஒரே பெட்டி, ஒரே பக்கம்.

அவர் வீடு கிள்ளானுக்கு அப்பால், காப்பாரில். கணவர் அங்கே மின்நிலையத்தில் குத்தகைக்காரரிடம் வேலை. ஷிஃப்ட் ஒத்துவரும் நாளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவார். இல்லாவிட்டால் முதல் பஸ். ஒரே மகள், கல்லூரியில் கடைசி வருடம். அக்கா பதினேழு வருடம் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அதை மூடிவிட்டார்கள். பக்கத்தில் வேறு வேலை தேடிப் பார்த்து, வயதைச் சொல்லி எல்லா இடத்திலும் தட்டிக்கழித்த பிறகுதான் பங்சாரில் இந்த அலுவலகக் கட்டடம் கிடைத்தது. பதினொரு மாடியில் நான்கு மாடி அவர் பொறுப்பு.

வேலை பிடித்திருந்தது. சம்பளமும் பரவாயில்லை. போய் வருகிற செலவுதான் அவர் முதலில் யோசிக்காதது. நகரத்துக்குள்ளேயே குடியிருந்து நகரத்துக்குள்ளேயே வேலைக்குப் போகிறவர்களுக்கு மலிவான மாதப் பாஸ் ஒன்று உண்டு. அது எங்கள் கொமுட்டருக்குச் செல்லாது. ஒரே ஒரு ஸ்டேஷனுக்காக அதை வாங்கினால் கட்டுப்படியாகாது. வாங்காவிட்டால் கொமுட்டரை விட்டு இறங்கி எல்.ஆர்.டி.யில் ஏறும்போது கணக்கு புதிதாக முதலிலிருந்து தொடங்கும். எந்த வண்டியிலும் முதல் ஸ்டேஷனுக்கான கட்டணம்தான் அதிகம். ஏற்கெனவே காசு கொடுத்துத் தூரத்திலிருந்து வருகிறவரும் அதை மறுபடி கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். ஆனால் புலம்பலாகச் சொல்ல மாட்டார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"கட்டடத்துக்குக் கீழயே சாப்பாட்டுக் கடை இருக்கு. நடந்து வந்தேன்னா சோத்துக்கு ஒரு மீன் வச்சுக்குவேன். எல்.ஆர்.டி.ல வந்தேன்னா வெறும் கொழம்பு," என்றார். "அதனால இப்ப டெய்லி மீன்தான். உன் புண்ணியம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏழு மாதம் போயிருக்கும். மழைக்காலம். ஒரு மாலை அவர் திரும்பும் ரயிலில் இல்லை. சீக்கிரம் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் கிள்ளானில் இல்லை. பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க ஆன்டி. நேத்து காலையில மோட்டார் இடிச்சிடுச்சு."

"எங்க?"

"வேலைக்கு நடந்து போறப்ப. பங்சாருக்குப் போற வளைவுல."

ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. இறங்கிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் இறங்கவில்லை. சென்ட்ரலில் இறங்கி, கடைப் பக்கம் போகாமல், நான் கை நீட்டிக் காட்டிய அதே வழியில் நடந்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நடைபாதை பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் சாலை ஓரமாக ஒரு சாண் அகலத்தில் புல், அதை ஒட்டித் திறந்த சாக்கடை. பிறகு அந்த வளைவு. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு சின்ன ரோடு இருந்தது. இப்போது நெடுஞ்சாலைக்கு ஏறும் பாதை. கார்கள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பி ஏறின. மனிதர்கள் கடப்பதற்கென்று எந்தக் கோடும் இல்லை, விளக்கும் இல்லை. நான் கால்மணி நேரம் நின்று பார்த்தும் கடக்கத் துணிவு வரவில்லை. அக்கா இதைத் தினமும் இரண்டு முறை கடந்திருக்கிறார், விடிந்தும் விடியாத நேரத்தில். ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை.

அன்று மாலை, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவரை மாற்றியிருந்த கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கணுக்காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மோட்டார் வழுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சாக்கடைப் பக்கம் குதித்தும் இடித்துவிட்டது, விழுந்ததில் முறிவு. ஓட்டி வந்த பையன்தான் தூக்கி உட்கார வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டானாம்.

"அவனும் பாவம், வேலைக்குப் போற அவசரம். மழையில பிரேக் பிடிக்கல," என்றார் அக்கா.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "நான்தான் அக்கா அந்த வழியைக் காட்டினேன்."

அப்படியெல்லாம் நினைக்காதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஆமா, நீதான் காட்டின," என்றார். பிறகு, "நடந்தது நான்தானே," என்றார்.

பக்கத்தில் நின்ற மகள், சுப்பவைசர் போன் செய்ததைச் சொன்னாள். உங்களை யார் நடக்கச் சொன்னது, ரயில் இருக்கிறதே என்று கத்தினாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அக்காவைக் கேட்டேன்.

"யாரும் சொல்லல, என் காசுதான் சொல்லுச்சுன்னேன்."

அடுத்த வாரமே அந்த நான்கு மாடிக்கும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் எழுத்துக் கோப்பதுதான். கடையில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, கட்டணத்தைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு மலாயில் ஒரு கடிதம் அடித்தேன். மூன்று பக்கம். அக்காவின் தொழிற்சாலை மூடியதிலிருந்து சாக்கடையில் விழுந்தது வரை எல்லாம் அதில் இருந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"வாசிக்கக் கண்ணீர் வருது பிள்ளை. ஆனா என்ன கேக்கிறீங்கன்னுதான் விளங்கல." தாளைத் திருப்பித் தந்தார். "எங்கட அப்பா காலத்துல எங்க குடும்பமே ஒரு பாஸ்ல போய் வந்தோம். ஏறுறதுக்கு முன்னால ஒரு தடவ காட்டினாப் போதும். அதைக் கேளுங்க. அழுகிறதை அப்புறம் பாக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். தோட்டத்துச் செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் அவர்களுடைய வீட்டு வரிசை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். கணவர் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஓவர்டைம் முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியிலேயே அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"என் கால எதுக்கு உள்ள இழுக்குற?"

"நடந்ததைத்தானே அக்கா எழுதியிருக்கேன்."

"கால் ஆறிடும் லா. ஆறினதுக்கப்புறம் அவங்க, அதான் ஆறிடுச்சே, இன்னும் என்னா பிரச்சனைன்னு கேப்பாங்க. அப்ப நீ என்னா சொல்லுவ?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"சரி, நான் கேக்கறதுக்குச் சொல்லு. காலையில காப்பார்லேருந்து பங்சாருக்கு நான் எத்தன தடவ போறேன்?"

"ஒரு தடவ."

"எத்தன தடவ காசு குடுக்கறேன்?"

"மூணு தடவ."

"அதை எழுது. நான் வழியில இறங்கிக் கடைக்கா போறேன்? ஒரே போக்குதானே. பாதியில வண்டி மாத்தச் சொல்றது அவங்க. அதுக்கு நான் எதுக்குப் புதுசா குடுக்கணும்?"

அவர் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்படியே எழுதுங்க மா. அவ சொன்ன மாதிரியே."

அப்படியே எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போவது ஒரு பயணம். எத்தனை வண்டி மாறினாலும் அதை ஒரே பயணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கும் மாதப் பாஸ், வெளியிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களின் ரயிலுக்கும் செல்லட்டும். முதலாளி நான்கு எழுத்துப் பிழையைத் திருத்தி, தன் செலவில் நல்ல தாளில் அடித்துத் தந்தார்.

இரண்டு வாரம் பெண்கள் பெட்டியில் கையெழுத்து வாங்கினேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய் நிற்பது எனக்கு வராத காரியம். முதல் நாள் ஷா ஆலாம் வரும் வரைக்கும் தாளைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மலாய் தாதி ஒருவர்தான், "என்ன அக்கா, காய்ச்சலா? முகம் ஒரு மாதிரி இருக்கே," என்று மலாயில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் படித்துப் பார்த்து முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தாளை அவரே பக்கத்து வரிசைக்கு அனுப்பினார். அதன் பிறகு எளிதாகிவிட்டது. தன் கதையைச் சொல்லாமல் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதை மாதம் ஒரு முறையாகக் குறைத்தவர், கம்போங் மேடானிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறவர், கல்லூரிக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய் மற்ற பாடங்களைத் தோழியின் குறிப்பில் படிக்கும் பெண். ஒரே பெட்டியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும் இவர்கள் யாரையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுத்தவர்களும் உண்டு. நன்றாக உடுத்தியிருந்த ஓர் இளம்பெண் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு ஸ்டேஷனுக்கு என்னா பெரிய காசு ஆன்டி? நடந்தா உடம்புக்கும் நல்லதுதானே."

அவளிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் என் வாயிலிருந்தும் கிட்டத்தட்ட அதேதான் வந்தது. "அந்த ஸ்டேஷனுக்கு ஒரு நாள் நடந்து பாருங்கம்மா," என்று மட்டும் சொன்னேன்.

கடிதம் போய் இரண்டு மாதம் கழித்து, நேரில் வந்து பேசலாம் என்று பதில் வந்தது. அக்காவுக்கு அப்போது மாவுக்கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள், கைத்தடியோடு நடந்தார். நான் மட்டும் போகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றேன். "நீ பேசுவியா?" என்று கேட்டுவிட்டு அவரும் புறப்பட்டு வந்தார்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். குளிரூட்டிய அந்த அறையில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அன்பாகத்தான் பேசினார். எங்களுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார். மூன்று நாளாக மனப்பாடம் செய்த மலாய்ப் பேச்சில் முதல் இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்கு நாக்கு புரளவில்லை. அதிகாரி பொறுமையாக விளக்கத் தொடங்கினார். கொமுட்டர் ஒரு நிர்வாகம், எல்.ஆர்.டி. வேறு நிர்வாகம், பஸ் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டண அட்டவணை, தனி ஒப்பந்தம். ஒன்றில் வாங்கிய காசை இன்னொன்றில் கணக்கில் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

அக்கா கடைத்தெருவில் பேசும் தன் பாசார் மலாயில் குறுக்கிட்டார். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். "கம்பெனி மூணா இருக்கலாம் மா. நான் ஒரே ஆள்தானே?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் காப்பார்ல கிளம்பி பங்சாருக்குப் போறேன். மூணு கம்பெனிக்கும் சேத்து நான் ஒருத்திதான். அவங்க எப்படிப் பிரிச்சுக்கிறாங்கன்னு எனக்கு எதுக்கு?"

அதிகாரி அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும் வரை அக்கா காத்திருந்தார். பிறகு, "நீங்க எப்படி மா வேலைக்கு வரீங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "ஷா ஆலாமிலிருந்து காரில். இங்கே நிறுத்த ஆபீஸ் இடம் கொடுத்திருக்கிறது," என்றார். சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "கட்டணத்தை மாற்றுவது என் கையில் இல்லை. மேலே எழுதுவேன், பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் எப்போது முடியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது." பிறகு அக்காவின் கைத்தடியைப் பார்த்தார். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "கால் என்ன ஆயிற்று?"

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லலாம் என்று அர்த்தம். நான் சொன்னேன்.

அதிகாரி மறுவாரம் ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு சென்ட்ரலுக்கு வந்தார். வருவேன் என்று சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. காரை ஷா ஆலாமிலேயே விட்டுவிட்டுக் கொமுட்டரில் வந்திருந்தார், நின்றுகொண்டே. மூன்று பேரும் நடந்தோம். அக்கா தடியை ஊன்றி முன்னால் போனார். நடைபாதை நின்றுபோன இடத்தில் அதிகாரி போனை எடுத்துப் படம் பிடித்தார். புல் ஓரத்தில் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போனோம். ஒரு லோரி எங்களை உரசுவதுபோலக் கடந்தபோது அதிகாரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளைவில் எட்டு நிமிடம் நின்றோம். கடக்கவில்லை.

"இந்த வழியில் போகலாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று அக்காவைக் கேட்டார் அதிகாரி. சுப்பவைசரும் அதைத்தான் கேட்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "ஒரு ஸ்டேஷன்தானே, நடந்து போங்கன்னு சொன்னேன். வழியை நான் பாக்கக்கூட இல்ல."

அக்கா தமிழில் முணுமுணுத்தார். "இத எதுக்கு இப்ப இவகிட்ட சொல்ற?"

சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை. சொல்ல வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா வேலையைத் திரும்ப வாங்கியது தனிக் கதை. துப்புரவுக் குத்தகைக்காரரின் அலுவலகத்துக்கு ஒரு நாள் விடாமல் போன் செய்தார். அவருக்குப் பதிலாகப் போட்ட ஆள் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். ஆறாவது மாடி அலுவலகத்துப் பெண்கள், பழைய அக்காவையே அனுப்புங்கள் என்று தங்கள் பங்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் நீலச் சட்டையோடு கிள்ளான் ஸ்டேஷனில் நின்றார். நடப்பதில்லை, ஒரு ஸ்டேஷனுக்கு எல்.ஆர்.டி.தான். மத்தியானம் வெறும் குழம்பு. நான் என் சாப்பாட்டு டப்பாவில் பொரித்த மீன் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள், "இது வேணாம் தங்கச்சி. எனக்கு உன் மீன் தேவை இல்ல, ரயில்காரன் நியாயமா நடந்தா போதும்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமில்லை. ஆனால் அதன் பிறகு நான் வைக்கவில்லை.

அதிகாரியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில், ஒருங்கிணைந்த கட்டணம் பற்றிய எங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று இருந்தது. இரண்டாவது, அந்த வளைவைப் பற்றி நகராட்சிக்கு எழுதியதன் நகல். ஏழெட்டு மாதம் கழித்து அந்த மேம்பாலத்துப் பக்கம் ஆரஞ்சுத் தடுப்புகள் வைத்து வேலை தொடங்கினார்கள். சாக்கடையை மூடிச் சிமெண்டு நடைபாதை, சாலைப் பக்கம் இரும்புக் கம்பி, வளைவில் வரிக்கோடும் பொத்தானை அழுத்தினால் எரியும் விளக்கும்.

திறந்த வாரம் அக்காவும் நானும் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்காவுக்கு அப்போது தடி தேவைப்படவில்லை, ஆனால் இடது கால் சற்று இழுத்தது, இன்றும் இழுக்கிறது. வளைவில் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விழுந்தது. ஒரு பெரிய கார், ஒரு பஸ், நாலைந்து மோட்டார் எல்லாம் எங்களுக்காக நின்றன. அவர் அவசரமே இல்லாமல் நடுவில் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்காங்க," என்றார். "ஆனா நம்ம இதக் கேக்கலையே தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இத வச்சு நம்மள நடக்க விட்டுடப் போறாங்க. பாத்துக்க. அடுத்த சூராட்ட எப்ப எழுதற?"

அந்த வாரமே அடுத்த கடிதத்தை எழுதினோம். நடைபாதைக்கு நன்றி என்று ஒரு வரி, பிறகு பழைய அரைப் பக்கம் அப்படியே. இந்த முறை கையெழுத்து வாங்க அக்காவே தாளோடு எழுந்து போனார். பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும், இழுக்கும் காலோடு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "வேலைக்கு ஒரு தடவதான் போறோம் லா."

பதில் இன்னும் வரவில்லை. அதிகாரி வேறு பிரிவுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். புதிதாக வந்தவர் நேரம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா வெயில் நாளில் நடக்கிறார், மழை நாளில் எல்.ஆர்.டி. பிடிக்கிறார். நான் மாதப் பயணச் செலவை முதலாளியிடம் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க இப்போது முடிவதில்லை. போன வாரம் அக்கா மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது காப்பாரிலிருந்து இரண்டு பேர் கிளம்பி வருகிறார்கள்.